குழு தொடங்கப் போறீங்களா? முதல் கூட்டத்திலேயே நோட்டைத் திறங்க!

ஒரே தெருவைச் சேர்ந்த பதினைந்து பெண்கள் புதிதாக மகளிர் சுய உதவிக் குழு தொடங்க ஒன்றுகூடுகிறார்கள். பெயர் வைத்தாச்சு, டீயும் குடிச்சாச்சு. "நோட்டெல்லாம் அப்புறம் வாங்கிக்கலாம் அக்கா, மொதல்ல பேங்க்ல கணக்கு ஆரம்பிச்சிடலாம்" என்று யாராவது சொல்வார்கள். இந்த இடத்தில்தான் கொஞ்சம் கவனம் தேவை.

நோட்டில் உள்ள தேதிதான் கணக்கு

தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தின் கீழ் வங்கிக் கடன் பெற, ஒரு குழு குறைந்தது 6 மாதம் முறையாகச் செயல்பட்டிருக்க வேண்டும். இந்த 6 மாதத்தை வங்கிக் கணக்கு தொடங்கிய நாளிலிருந்து எண்ணுவதில்லை. குழுவின் பதிவேடுகளைப் பார்த்துத்தான் எண்ண வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல். முதல் கூட்டம் நடந்த அன்றே தீர்மான நோட்டு எழுதினால் அன்றைக்கே உங்கள் கணக்கு ஓடத் தொடங்கிவிடும். எழுதாமல் விட்ட மாதங்கள் வீண்தான். பின்னாடி உட்கார்ந்து மொத்தமாக எழுதிக்கலாம் என்றும் நினைக்காதீங்க. சேமிப்புத் தொகையும் பாஸ்புக்கும் ஒத்துப்போகாமல் மாட்டிக்கொள்ளும்.

இதில் லாபமும் உண்டு. இந்த இயக்கத்தில் உள்ள குழுக்களுக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு வங்கிகள் அடமானம் கேட்கக் கூடாது. நகைக்கும் பத்திரத்துக்கும் பதிலாக உங்கள் நோட்டுதான் பேசும்.

முதல் கூட்டத்தில் முடிவு செய்ய வேண்டியவை

1. உறுப்பினர்கள்: தமிழ்நாட்டில் பொதுவாக ஒரு குழுவில் 12 முதல் 20 பேர். மாற்றுத்திறனாளிகள் குழு என்றால் 5 பேர் போதும். வந்தவர்கள் எல்லோரும் நோட்டில் கையெழுத்து அல்லது கைரேகை வைக்க வேண்டும்.

2. நிர்வாகிகள்: ஓர் ஊக்குநர், இரண்டு பிரதிநிதிகள். நல்லா பேசுறவங்க என்பதற்காக மட்டும் ஒருவரைத் தேர்ந்தெடுக்காமல், எல்லோரும் சம்மதித்துத் தேர்ந்தெடுங்கள். எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை மாற்றுவது என்பதையும் அன்றே எழுதிவிடுங்கள்.

3. கூட்ட நாள்: ஊர் வேலையைப் பார்த்து நாள் குறியுங்கள். பெரம்பலூர் பக்கம் பருத்தி எடுப்பு, சின்ன வெங்காய அறுவடை நேரத்திலும், செந்துறை, ஆண்டிமடம் பக்கம் கோடையில் முந்திரி சீசனிலும் பகலில் யாரும் வீட்டில் இருக்க மாட்டார்கள். சாயங்காலம்தான் தோது.

4. சேமிப்பு: குழுவிலேயே வருமானம் குறைவாக உள்ளவர் தவறாமல் கட்டக்கூடிய தொகையாக இருக்கட்டும். வாரம் 50 ரூபாய் என்றால் 15 பேருக்கு வாரம் 750 ரூபாய். 26 வாரத்தில் 19,500 ரூபாய் சேர்ந்துவிடும்.

5. உள்கடன்: வட்டி எவ்வளவு, யாருக்கு முன்னுரிமை, தவணை தவறினால் என்ன செய்வது? கடன் கேட்டு ஆள் வருவதற்கு முன்பே பேசி முடித்தால் மனஸ்தாபம் வராது.

6. வங்கி: எந்த வங்கியில் கணக்கு, யார் யார் சேர்ந்து கையெழுத்திடுவது என்பதைத் தனித் தீர்மானமாக எழுதுங்கள். சேமிப்புக் கணக்கு தொடங்க நிர்வாகிகளின் அடையாள ஆவணச் சரிபார்ப்பு போதும். ஆதாரில் பெயர்ப் பிழை இருக்கிறது என்பதற்காக ஒரு சாதாரண உறுப்பினரை ஒதுக்கத் தேவையில்லை. ஆனால் வங்கிக் கடன் வாங்கும்போது எல்லோருடைய ஆவணமும் கேட்கப்படலாம். அதற்குள் திருத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.

செல்போனும் கூடவே இருக்கட்டும்

கூட்டம் முடிந்ததும் தீர்மானப் பக்கத்தை போட்டோ எடுத்து, குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள். நோட்டு நனைந்தாலும் தொலைந்தாலும் ஆதாரம் இருக்கும். வங்கி எஸ்எம்எஸ் யாருடைய எண்ணுக்கு வரும் என்பதையும் தீர்மானத்தில் எழுதுங்கள். அந்த எண்ணுக்கு வரும் ஓடிபியை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது. செல்போன் இல்லாத உறுப்பினருக்காக, ஒவ்வொரு கூட்டத்திலும் பாஸ்புக்கைச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்.

அடுத்த 6 மாதம்

தவறாத கூட்டம், தவறாத சேமிப்பு, உள்கடன், ஒழுங்கான திருப்பிச் செலுத்துதல், சரியான பதிவேடு. இந்த ஐந்தையும் 'பஞ்ச சூத்திரம்' என்பார்கள். கடன் கொடுக்கும் முன் வங்கி பார்ப்பது இதைத்தான். 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் சுய உதவிக் குழுக்கள் தொடங்கிய காலத்திலிருந்து, குழுக்கள் நிலைத்து நிற்பதும் கலைவதும் பெரும்பாலும் இந்தப் பழக்கங்களைப் பொறுத்தே இருக்கிறது.

யாரிடம் கேட்பது?

நோட்டு எழுதத் தெரியவில்லையா? கவலை வேண்டாம். உங்கள் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பில் கேட்டால் எழுதச் சொல்லித் தருவார்கள். பெரம்பலூர் மாவட்டத்தில் பெரம்பலூர், வேப்பந்தட்டை, ஆலத்தூர், வேப்பூர். அரியலூர் மாவட்டத்தில் அரியலூர், திருமானூர், செந்துறை, ஜெயங்கொண்டம், ஆண்டிமடம், தா.பழூர் ஆகிய வட்டாரங்களில் உள்ள வட்டார இயக்க மேலாண்மை அலகையும் அணுகலாம். முதல் கூட்டத்துக்கு நாள் குறித்ததுமே அவர்களிடம் சொல்லிவிட்டால், நோட்டில் முதல் பக்கமே சரியாக அமையும்.