வலிக்காத இடமா? அங்கே ஊசி வேண்டாம்!

"இங்கனயே போடும்மா... இங்கனதான் வலிக்காது!"

வயிற்றில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டி, இன்சுலின் ஊசியோடு நிற்கும் மகளிடம் உம்மா இப்படிச் சொல்வது உங்கள் வீட்டிலும் நடக்கிறதா? காயல்பட்டினத்தில் கல்யாணத்துக்குப் பிறகும் பெண் தாய் வீட்டிலேயே இருப்பது வழக்கம். ஊசி போடும் வேலையும் மகளிடம் வந்து சேர்வது இயல்புதான். ஆனால், உம்மா காட்டுகிற அந்த இடத்தை மட்டும் விட்டுவிடுங்கள்!

ஏன் வலிக்கவில்லை தெரியுமா? ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இன்சுலின் இறங்கினால், தோலுக்கு அடியில் கொழுப்பு தடித்துப்போகும். அங்கே உணர்ச்சி குறையும். அதோடு, இன்சுலின் ஒழுங்காக ரத்தத்தில் சேராது. 'உம்மா இனிப்பைத் தொடுவதே இல்லை, சர்க்கரை மட்டும் இறங்கவில்லையே!' என்று டாக்டரிடம் போவீர்கள். அவர் அளவைக் கூட்டுவார். பிறகு ஒருநாள் யாராவது புதிய இடத்தில் அதே அளவைப் போட்டால் போச்சு! மருந்து முழுதாக வேலை செய்து, சர்க்கரை சடாரென்று இறங்கிவிடும். வியர்வை, நடுக்கம், மயக்கம்!

2013-ல் வெளியான ஸ்பெயின் நாட்டு ஆய்வு ஒன்றில், ஊசி போட்டுக்கொள்ளும் 430 பேரில் சுமார் 64 சதவிகிதம் பேருக்கு இந்தத் தடிப்பு இருந்தது. தடிப்பு உள்ளவர்களில் 39 சதவிகிதம் பேருக்குக் காரணம் புரியாமல் சர்க்கரை இறங்கியிருக்கிறது. தடிப்பு இல்லாதவர்களில் அது 6 சதவிகிதம்தான்.

நோன்பு மாதத்தில் இது இன்னும் ஆபத்து. எனவே, ரமலானுக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பே டாக்டரைப் பார்த்து, நோன்பு வைக்கலாமா, இடத்தை மாற்றும்போது அளவை எவ்வளவு குறைப்பது என்று கேளுங்கள். நீங்களாகக் குறைக்க வேண்டாம். ஊசியால் நோன்பு முறியாது என்பது பெரும்பாலான மார்க்க அறிஞர்களின் கருத்து. சந்தேகமிருந்தால் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை 70-க்குக் கீழே போனால், மஃரிபுக்குப் பத்து நிமிஷம்தான் இருந்தாலும் நோன்பைத் திறந்துவிட வேண்டும்.

சரி, எப்படி மாற்றிப் போடுவது? தொப்புளைச் சுற்றி இரண்டு விரல் அகலத்தை விட்டுவிட்டு, வயிற்றை நான்கு பாகமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஒரு பாகம். அதற்குள்ளும் நேற்று குத்திய இடத்திலிருந்து ஒரு விரல் தள்ளித்தான் இன்று. எந்தப் பாகம் என்பதை தினசரி காலண்டரில் குறித்து வையுங்கள்; ஞாபகத்தை நம்பாதீர்கள்! தொடையில் போடுவதானால் மேல்பகுதியின் வெளிப்பக்கம். வயிற்றில் போட்டது சீக்கிரம் சேரும், தொடையில் போட்டது மெதுவாகச் சேரும். அதனால் காலையில் வயிறு, இரவில் தொடை என்று டாக்டர் சொல்லியிருந்தால் அதை இஷ்டத்துக்கு மாற்றாதீர்கள்.

சிரிஞ்சையும் கவனியுங்கள். சிவப்பு மூடி 40 யூனிட் மருந்துக்கு, ஆரஞ்சு மூடி 100 யூனிட் மருந்துக்கு. 100 யூனிட் மருந்தை சிவப்பு மூடி சிரிஞ்சில் எடுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும்! மழுங்கிய ஊசியும் தடிப்பை வளர்க்கும். ஒவ்வொரு முறையும் புது ஊசிதான் நல்லது.

இன்றே உம்மாவைப் படுக்கவைத்து, விரலில் சோப்பு நுரை தொட்டு வயிற்றைத் தடவிப் பாருங்கள். ரப்பர் மாதிரி ஏதாவது தட்டுப்பட்டால், டாக்டர் பார்த்துச் சொல்லும்வரை அந்தப் பக்கமே போகாதீர்கள். தடிப்பு கரைய மாதக்கணக்கில் ஆகும். அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, டாக்டர் கேட்காவிட்டாலும் வயிற்றைக் காட்டச் சொல்லுங்கள். கூச்சமாக இருந்தால் நர்ஸம்மாவிடமாவது காட்டட்டும்.