சாகக் கிடக்கும் ஹார்டு டிஸ்க்கிடம் முதலில் வாக்குமூலம் வாங்குங்கள்

நம் காலனிகளில் படிப்பகம் நடத்தும் இளைஞர்கள், வழக்குகளுக்கு அலையும் தோழர்கள், கலைக்குழுக்காரர்கள் பலரிடம் உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறது. எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க். பாடப்புத்தகம் அதை வன்தட்டு என்கிறது. பஞ்சமி நிலத்துக்காகத் தாலுகா ஆபீஸில் நடையாய் நடந்து வாங்கிய 'அ' பதிவேட்டு நகல், தகவல் உரிமைச் சட்டத்தில் வந்த பதில்கள், வன்கொடுமை நடந்த மறுநாள் எடுத்த வீடியோ, இடிக்கப்பட்ட சுவரின் படம், இன்று உயிரோடு இல்லாத பாட்டி பாடிய ஒப்பாரி என்று பத்துப் பதினைந்து வருட உழைப்பு அதற்குள் கிடக்கிறது. பெரும்பாலும் அதற்கு வேறு பிரதி கிடையாது.

அரசு ஆவணக் காப்பகத்தில் நம் ஆட்களைப் பற்றிய காகிதம் இருக்கும். அது அதிகாரி எழுதியது. நம் ஆட்களே சொன்னது, நாமே எடுத்தது, இந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. ஆகவே, ஒரு ஹார்டு டிஸ்க் பழுதாவதை 'கம்ப்யூட்டர் தெரிந்த தம்பி பார்த்துக்கொள்வான்' என்று விட்டுவிட முடியாது. ஓர் ஊரின் சாட்சியம் அழிகிற விஷயம் அது.

டிஸ்க் சாகும்போது பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் சாகும். அந்த நேரத்தில் நாம் பதற்றத்தில் செய்கிற காரியங்கள்தான் மிச்ச உயிரையும் எடுத்துவிடுகின்றன. தீக்காயத்தோடு ஒருவரைத் தூக்கி வருகிறார்கள், பிழைப்பது சந்தேகம் என்று டாக்டர் சொல்கிறார் என்றால் என்ன செய்வார்கள்? மாஜிஸ்திரேட்டை வரவழைத்து, பேசக்கூடிய நிலையில் இருக்கும்போதே வாக்குமூலம் வாங்கிவிடுவார்கள். விசாரணை, விவாதம், குறுக்குக் கேள்வி எல்லாம் அப்புறம். சாகக் கிடக்கும் டிஸ்க்கையும் அப்படித்தான் நடத்த வேண்டும். முதலில் முழு நகல். ஆராய்ச்சி பிறகு, அதுவும் நகலின் மேல்.

உள்ளே என்ன நடக்கிறது?

பெட்டிக்குள் கண்ணாடி போலப் பளபளக்கும் வட்டத் தகடுகள் இருக்கின்றன. கையடக்க டிஸ்க்குகள் பலவற்றில் இவை நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும். தகட்டின் மேல் பூசப்பட்ட காந்தப் படலத்தில்தான் நம் படமும் பாட்டும் எழுதப்பட்டிருக்கின்றன. அதைப் படிக்கும் முனைக்கு ஹெட் என்று பெயர். ஹெட் தகட்டைத் தொடாது. சில நானோமீட்டர் உயரத்தில் மிதந்துகொண்டே படிக்கும். தலைமுடியின் தடிமன் கிட்டத்தட்ட எண்பதாயிரம் நானோமீட்டர். அப்படியென்றால் ஒரு தூசி அதற்கு முன்னால் பாறாங்கல்தான். டிஸ்க் ஓடிக்கொண்டிருக்கும்போது கீழே விழுந்தால் ஹெட் தகட்டில் உரசும். உரசிய இடத்தில் படலம் பெயர்ந்துவிடும். பெயர்ந்த படலத்தில் இருந்ததை எந்த விஞ்ஞானியாலும் திருப்பித் தர முடியாது.

அதனால் அறிகுறியைக் கவனிக்க வேண்டும். ஒரு ஃபோல்டரைத் திறக்க முன்பு இல்லாத அளவுக்கு நேரமாகிறதா? பாதி காப்பியில் நின்றுவிடுகிறதா? டிஸ்க் திடீரென்று மறைந்து மீண்டும் தெரிகிறதா? 'ஃபார்மேட் செய்யவா?' என்று கம்ப்யூட்டர் கேட்கிறதா? இவை எச்சரிக்கைகள். 'டிக்... டிக்...' என்று சீராகத் தட்டும் சத்தம் கேட்டால் ஹெட் தடுமாறுகிறது என்று வையுங்கள். அந்த நிமிடமே கழற்றிவிட வேண்டும். இன்னொரு முறை போட்டுப் பார்க்கலாம் என்பது இன்னொரு கீறல் போடலாம் என்பதுதான்.

தட்டும் சத்தம் இல்லையென்றால் எளிய சோதனை ஒன்று உண்டு. கேபிளை மாற்றுங்கள். நீட்டிப்புப் பெட்டியில் செருகாமல் கம்ப்யூட்டரின் பின்பக்கத் துளையில் நேரடியாகச் செருகுங்கள். சிறிய டிஸ்க்குகள் யூஎஸ்பி வழியாகத்தான் மின்சாரம் வாங்குகின்றன. பழைய கேபிளில் போதிய மின்சாரம் போகாமல் நல்ல டிஸ்க்கும் நோயாளி போல நடிக்கும். 'கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' என்ற இலவச மென்பொருள் டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும். மாற்றிவைக்கப்பட்ட, படிக்கக் காத்திருக்கும், படிக்கவே முடியாத செக்டார்கள் என்று அதில் மூன்று வரிகள் உண்டு. அந்த எண்கள் சுழியமாக இல்லாமல் நாளுக்கு நாள் ஏறினால் டிஸ்க் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள்.

செய்யக் கூடாதவை

ஃபார்மேட் செய்யாதீர்கள். 'செக் டிஸ்க்' ஓட்டாதீர்கள். அது ஃபைல் அட்டவணையைச் சீர்செய்ய வந்த கருவி. சீர்செய்கிறேன் என்று டிஸ்க்கிலேயே எழுதும். சாகக் கிடப்பவரின் கையில் பேனா கொடுத்து மனுவைத் திருத்தி எழுதச் சொல்வது போன்றது அது. மீட்பு மென்பொருளைப் பழுதான டிஸ்க்கிலேயே நிறுவாதீர்கள். மீட்டதை அதிலேயே சேமிக்காதீர்கள்.

ஃப்ரீசரில் வைத்தால் சரியாகும் என்று யாராவது சொல்வார்கள். வெளியே எடுத்ததும் நீர் கோத்துத் தகட்டில் படியும், இருந்ததும் போகும். தட்டிப் பார்ப்பதும், ஸ்குரு டிரைவரால் மூடியைத் திறப்பதும் அதே கதைதான். மூடியைத் திறக்க வேண்டிய வேலைக்குத் தூசி வடிகட்டிய அறை வேண்டும். சில கம்பெனிகளின் டிஸ்க்கில் யூஎஸ்பி துளையே உள் பலகையோடு பற்றவைக்கப்பட்டு, தகவலும் அந்தப் பலகையாலேயே பூட்டப்பட்டிருக்கும். கூட்டை உடைத்து வேறு கம்ப்யூட்டரில் மாட்டினாலும் பயன் இருக்காது.

முழு நகல் எடுப்பது எப்படி?

டிஸ்க் சத்தமில்லாமல் சுழல்கிறது, கம்ப்யூட்டருக்குத் தெரிகிறது, ஆனால் தடுமாறுகிறது என்ற நிலையில் நாமே முயலலாம். ஃபோல்டர் ஃபோல்டராக இழுத்துப் போடுவது தவறான வழி. பழுதான இடத்தில் கம்ப்யூட்டர் திரும்பத் திரும்ப முட்டும். முட்ட முட்ட ஹெட் நோகும். அவசரத்துக்கு நாலைந்து முக்கிய ஃபைல்களை எடுத்துவிட்டு நிறுத்திக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

சரியான கருவி 'டிடி ரெஸ்க்யூ' என்ற கட்டற்ற மென்பொருள். லினக்ஸில் ஓடும். காசு கிடையாது. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது, அந்த வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். இப்போது ஒரு பென் டிரைவில் லினக்ஸை ஏற்றி அதிலிருந்தே கம்ப்யூட்டரைத் தொடங்கலாம். டிடி ரெஸ்க்யூ முதல் சுற்றில் எளிதாகப் படிக்க முடிந்த பகுதிகளையெல்லாம் நகல் எடுத்துவிட்டு, முரண்டு பிடிக்கும் இடங்களைத் தாண்டிப் போய்விடும். அடுத்தடுத்த சுற்றுகளில்தான் விட்ட இடங்களுக்குத் திரும்பி வந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுக்கும். எது வந்தது, எது பாக்கி என்று ஒரு குறிப்புக் கோப்பில் எழுதிக்கொண்டே போகும். நடுவில் கரண்ட் போனால் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். நம் ஊர்களுக்கு இது பெரிய வசதி.

நகல் போய்ச் சேரும் புது டிஸ்க் பழையதைவிடக் கொள்ளளவு கூடுதலாக இருக்க வேண்டும். எது பழையது, எது புதியது என்பதைக் கட்டளையில் மாற்றிக் கொடுத்துவிட்டால் வெற்று டிஸ்க்கை எடுத்து நம் ஆவணத்தின் மேல் பூசிவிடும். ஆகவே லினக்ஸ் பழகிய ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டளையை இரண்டு பேர் படித்துப் பார்த்த பிறகு தட்டுங்கள். நல்ல நிலையில் உள்ள ஒரு டெராபைட் டிஸ்க், நொடிக்கு 100 மெகாபைட் வேகத்தில், மூன்று மணி நேரத்துக்குள் நகலாகிவிடும். நோயாளி டிஸ்க்குக்கு மூன்று நாளும் ஆகலாம். பொறுமை வேண்டும், காற்றோட்டமும் வேண்டும்.

நகல் கிடைத்த பிறகு பழைய டிஸ்க்கைக் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டு, நகலில் வேலையைத் தொடங்கலாம். 'டெஸ்ட் டிஸ்க்' அழிந்த பகுதி அட்டவணையை மீண்டும் கட்டும். அதுவும் முடியாவிட்டால் 'ஃபோட்டோ ரெக்', அட்டவணையைப் பார்க்காமல், படத்தின் தொடக்கம் எப்படி இருக்கும், வீடியோவின் தொடக்கம் எப்படி இருக்கும் என்ற அடையாளத்தைக் கொண்டே தேடி எடுத்துவரும்.

பெயர் தொலைந்த படங்கள்

ஆனால் அப்படி வரும் ஃபைலுக்குப் பழைய பெயர் இருக்காது, வெறும் எண்தான். ஃபோல்டரும் இருக்காது. கேமராவோ செல்போனோ படத்துக்குள் எழுதிவைத்த தேதி மட்டும் பல நேரம் மிஞ்சும். சில வருடங்களுக்கு முன் ஒரு படிப்பகத்துத் தம்பிகள் இப்படி ஆயிரக்கணக்கான படங்களை மீட்டுவிட்டு, எது எந்த ஊர், யார் யார் என்று தெரியாமல் விழித்தார்கள். மாரியம்மன் கோயில் திடலில் வெள்ளைத் துணி கட்டி, ஒவ்வொரு படமாக ஓட்டினார்கள். "இது நம்ம செல்லம்மா பெரியம்மா வீட்டுத் திண்ணை, புயலுக்கு முன்னாடி எடுத்தது" என்று கூட்டத்திலிருந்து கிழவிகள் சொல்லச் சொல்ல, பள்ளிப் பிள்ளைகள் நோட்டில் எழுதினார்கள். மென்பொருள் படத்தை மீட்டது. பெயரை மீட்டது அந்தப் பெண்கள். அவர்கள் இருக்கும்போதே இந்த வேலையைச் செய்ய வேண்டும்.

கடைக்குக் கொடுக்கும் முன்

டிஸ்க் தட்டுகிறது, சுழலவே இல்லை என்றால் நம் கைக்கு மீறியது. தகவல் மீட்பு நிறுவனங்களுக்குத்தான் அனுப்ப வேண்டும். செலவு சில ஆயிரங்களில் தொடங்கிப் பல பத்தாயிரங்கள் வரை போகும். சோதித்துப் பார்க்கக் கட்டணம் உண்டா, தகவல் கிடைக்காவிட்டால் பணம் கேட்பார்களா, மீட்டதை அவர்களிடம் எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்பதை முதலிலேயே எழுத்தில் வாங்குங்கள். மூலைக்கடை மெக்கானிக் 'திறந்து பார்க்கிறேன்' என்றால் கும்பிட்டுவிட்டு டிஸ்க்கோடு திரும்பி வாருங்கள்.

பணத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. நம் டிஸ்க்கில் பாதிக்கப்பட்டவர்களின் பெயரும் முகமும் இருக்கின்றன. பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்ணின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவின்படி குற்றம். அப்படிப்பட்ட பதிவு உள்ள டிஸ்க்கை யார் கையிலும் எளிதாகக் கொடுத்துவிடக் கூடாது. வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டு, நம் ஆள் ஒருவர் கூடவே போய்க் கொடுத்து வாங்குவது நல்லது.

நீதிமன்றத்தில் நிற்குமா?

மீட்ட வீடியோவை வழக்கில் பயன்படுத்த முடியுமா என்று மாணவர்கள் கேட்கிறார்கள். முடியும், முறை இருக்கிறது. பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவுப்படி மின்னணு நகலோடு சான்றிதழ் தர வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் 2014இலும் 2020இலும் உறுதிப்படுத்தியது. 2024 ஜூலை 1 முதல் அந்த இடத்தில் பாரதிய சாக்ஷ்ய அதிநியமின் 63ஆம் பிரிவு இருக்கிறது. அதன் சான்றிதழில் ஃபைலின் 'ஹேஷ்' எண்ணையும் குறிக்க வேண்டும். ஹேஷ் என்பது ஃபைலின் விரல்ரேகை. ஒரு புள்ளி மாறினாலும் ரேகை மாறிவிடும்.

ஆகவே, நகல் எடுத்தாயிற்று என்று பழைய டிஸ்க்கைக் காயலான் கடையில் போடாதீர்கள். முதலில் பதிவான மெமரி கார்டையும் செல்போனையும் அழித்துவிட்டு மறுபடி பயன்படுத்தாதீர்கள். உறையில் போட்டு, தேதி எழுதி, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று குறித்து வையுங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவு, அச்சட்டத்தின் கீழான நடவடிக்கைகள் அனைத்தையும் வீடியோவில் பதிய வேண்டும் என்கிறது. அரசுக்கே பதிவு கட்டாயம் என்னும்போது, நம் பதிவை நாம் அலட்சியமாக வைத்திருக்கலாமா?

வருடத்துக்கு ஒருநாள்

அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் சென்னையில் 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைத் தொடங்கினார். அவர் 1914இல் மறைந்தார். அந்த இதழ்களை அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் தேடிப் பாதுகாத்து வைத்திருந்ததால்தான், ஞான. அலாய்சியஸ் தொகுக்க, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 1999இல் 'அயோத்திதாசர் சிந்தனைகள்' நூலை வெளியிட முடிந்தது. தாள் தொண்ணூறு வருடம் காத்திருந்தது. ஹார்டு டிஸ்க் அப்படிக் காத்திருக்காது. பயன்படுத்தினாலும், பயன்படுத்தாமல் பீரோவில் வைத்தாலும், அதற்கு ஆயுள் சில வருடங்கள்தான் என்று எண்ணித்தான் நடக்க வேண்டும்.

புகைப்படக்காரர் பீட்டர் குரோக் எளிய கணக்கு ஒன்று சொன்னார்: 3-2-1. மூன்று பிரதி, இரண்டு வகைக் கருவியில், ஒன்று வேறு இடத்தில். ஊர்க் கணக்கில் சொன்னால், ஒரு டிஸ்க் படிப்பகத்தில் இருக்கட்டும். இன்னொன்று பக்கத்து மாவட்டத் தோழர் வீட்டில் இருக்கட்டும். குடிசைக்கு வைத்த தீயோ வெள்ளமோ இரண்டையும் சேர்த்துக் கொண்டுபோகாது. நில ஆவணம், தீர்ப்பு நகல், முதல் தகவல் அறிக்கை போன்றவை கூகுள் டிரைவ் இலவசமாகத் தரும் 15 ஜிபிக்குள் தாராளமாக அடங்கும். மிக முக்கியமானதைத் தாளிலும் அச்செடுத்துவிடுங்கள்.

இதற்கென்று ஒரு நாளும் வைத்துக்கொள்ளலாம். ஏப்ரல் 14 அன்று காலையில் அம்பேத்கர் சிலைக்கு மாலை போடுகிறோம். மாலையில் படிப்பகத்தில் உட்கார்ந்து டிஸ்க்கைச் செருகி, பத்து ஃபைலையாவது திறந்து பார்த்து, அந்த வருடம் சேர்ந்ததை இன்னொரு டிஸ்க்கில் ஏற்றி, இரண்டின் மேலும் தேதி எழுதி ஒட்டுங்கள். இரண்டு மணி நேர வேலை. உங்கள் ஊர் டிஸ்க் இப்போது யார் வீட்டில் இருக்கிறது, கடைசியாக எப்போது திறந்தார்கள் என்று இன்றைக்கே ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.