மேட்ச் பார்க்கலாமா, ஐயா?

அம்மையார்குப்பம் நெசவாளர் ஊர். ஆர்.கே.பேட்டை, பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டு என்று ஆந்திர எல்லையை ஒட்டி வரிசையாக இருக்கும் தறி ஊர்களில் ஒன்று. தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் புழங்கும். ஆடிக் கிருத்திகை வந்தால் சுற்றுவட்டாரமே காவடி எடுத்துத் திருத்தணி மலைக்குக் கிளம்பிவிடும். இந்த மண்ணில் கிறிஸ்தவக் குடும்பங்கள் சிறு தொகைதான். அக்கம்பக்கம் அறிய, நாலு பேர் கண்ணெதிரில்தான் அவர்கள் தங்கள் விசுவாசத்தை வாழ்ந்து காட்ட வேண்டியிருக்கிறது.

இப்படிப்பட்ட ஊர்களின் வாலிபர் கூட்டங்களில் போதகரிடம் பிள்ளைகள் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். மேட்ச் பார்க்கலாமா, ஐயா? சினிமாப் பாட்டு கேட்டால் பாவமா? டோர்னமென்ட்டை ஞாயிற்றுக்கிழமைதான் வைக்கிறார்கள், போகலாமா? ரீல்ஸ் போடலாமா?

கிடைக்கும் பதிலும் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான். "அது உலக சிநேகம், தொடாதே" என்பது ஒன்று. "காலம் மாறிவிட்டது, ஆராதனைக்கு மட்டும் வந்துவிடு" என்பது மற்றொன்று. இரண்டுமே பிள்ளைகளைக் கைவிடுகிற பதில்கள் என்பது என் கருத்து. முதல் பதிலைக் கேட்ட பிள்ளை ஒளித்துவைத்துப் பார்க்கப் பழகுகிறது. இரண்டாவதைக் கேட்ட பிள்ளை, வாரத்தில் இரண்டு மணி நேரம் மட்டும் கிறிஸ்தவனாக இருந்தால் போதும் என்று முடிவுகட்டிவிடுகிறது.

2025 அக்டோபர் 30 அன்று நவி மும்பையில் நடந்ததைக் கிரிக்கெட் பார்க்காதவர்கள்கூடக் கேள்விப்பட்டிருப்பார்கள். பெண்கள் உலகக் கோப்பை அரையிறுதி. ஆஸ்திரேலியா எடுத்தது 338. மூன்றாவதாகக் களமிறங்கிய ஜெமிமா ரோட்ரிக்ஸ் ஆட்டமிழக்காமல் 127 ரன் எடுத்து இந்தியாவைக் கரைசேர்த்தார். அதே தொடரில் இங்கிலாந்துக்கு எதிரான ஆட்டத்தில் அணியில் இடமில்லாமல் வெளியே உட்கார வைக்கப்பட்டவர் அவர். வெற்றிக்குப் பிறகு முதல் நன்றியை இயேசுவுக்குச் சொன்னார். இனி தன்னால் முடியாது என்று தோன்றிய கட்டத்தில், அசையாமல் நில், கடவுள் உனக்காகப் போராடுவார் என்ற வேத வாக்கை மனதுக்குள் சொல்லிக்கொண்டே ஆடியதாகவும் சொன்னார். தொடர் நாட்களில் தன்னை வாட்டிய மனப்பதற்றத்தையும் அழுகையையும் அவர் மறைக்கவில்லை.

அந்தப் பேச்சைத்தான் எல்லோரும் பகிர்ந்தார்கள். என்னை நிறுத்தியது வேறொன்று. நூறைத் தொட்டபோது அவர் கொண்டாடவில்லை. இலக்கு இன்னும் தொலைவில் இருந்தது. இந்த நாள் தன்னுடைய அரைச்சதத்துக்கோ சதத்துக்கோ உரியதல்ல, இந்தியாவை ஜெயிக்க வைப்பதே வேலை என்று பிற்பாடு விளக்கினார். வாய்ப்பேச்சுச் சாட்சிக்கு முன்னால் நடத்தைச் சாட்சி இருந்தது. மேடையில் ஆண்டவர் பெயரைச் சொல்வது எளிது. நாற்பது டிகிரி வெயிலிலோ பல்லாயிரம் பேர் கூச்சலிலோ, தன் பெயருக்குக் கிடைக்கும் கைதட்டலைத் தள்ளிவைத்துவிட்டு அணியின் வேலையைப் பார்ப்பது எளிதல்ல.

அந்தப் பேச்சுக்குப் பாராட்டோடு வசவும் வந்தது. அதற்கு ஓராண்டு முன்பு, 2024 அக்டோபரில், மும்பையின் கார் ஜிம்கானா அவருடைய கௌரவ உறுப்பினர் உரிமையை ரத்து செய்திருந்தது. தந்தை அந்த வளாகத்தில் மதக் கூட்டங்கள் நடத்தினார் என்பது சில உறுப்பினர்களின் புகார். விதிப்படி வாடகைக்கு எடுத்துத்தான் நடத்தினோம் என்பது தந்தையின் பதில். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்வது இங்கே என் வேலையில்லை. விசுவாசத்தைப் பொதுவெளியில் வைத்துக்கொண்டு வாழ்கிறவருக்கு விலை உண்டு. அதைக் கொடுத்துக்கொண்டேதான் அவர் ஆடினார். மலைக்கோயில் ஊர்களில் வளரும் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு இது புதிதாகத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமைக் கேள்விக்கு வருவோம். சபைகளில் இதற்கு எப்போதும் எரிக் லிடெல் கதையைச் சொல்வார்கள். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தகுதிச்சுற்று ஞாயிற்றுக்கிழமை வந்ததால் ஓட மறுத்த ஸ்காட்லாந்துக்காரர். பிறகு 400 மீட்டர் ஓடி 47.6 நொடியில் தங்கம் வாங்கினார். 1981-ல் வந்த 'சேரியட்ஸ் ஆஃப் ஃபயர்' திரைப்படம் அவரை உலகமெங்கும் கொண்டுபோனது. ஒலிம்பிக்குக்கு அடுத்த ஆண்டே அவர் சீனாவுக்கு ஊழியத்துக்குப் போனதும், 1945-ல் ஜப்பானியத் தடுப்பு முகாமில் இறந்ததும் பலருக்குத் தெரியும்.

பலருக்குத் தெரியாதது, அதே பாரிஸுக்கு இந்திய அணியின் மேலாளராகப் போனவரும் ஒரு கிறிஸ்தவ ஊழியர் என்பது. ஹாரி குரோ பக். அமெரிக்கர். 1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கியவர். நந்தனத்தில் இன்றும் இருக்கும் கல்லூரி அதுதான். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் 'பி.டி. சார்' என்று நாம் கூப்பிட்டவர்களில் எத்தனையோ பேர் அங்கே படித்தவர்கள். பக் 1943-ல் சென்னையிலேயே காலமானார். ஒருவர் ஓட்டத்தை நிறுத்திச் சாட்சி சொன்னார். மற்றவர் ஒரு நாட்டுக்கே ஓடக் கற்றுக்கொடுத்துச் சாட்சி சொன்னார். நம் பிரசங்கங்களில் முதலாமவர் மட்டும் வருகிறார். நம் ஊர்க்காரர் ஆகிவிட்ட இரண்டாமவர் வருவதில்லை. இது எனக்குப் பெரிய வருத்தம்.

இன்னொருவரையும் சேர்த்துக்கொள்ளலாம். 'ஆஷஸ்' என்ற பெயர் பிறக்கக் காரணமான 1882 ஓவல் டெஸ்டில் ஆடிய இங்கிலாந்து வீரர் சி.டி. ஸ்டட். கிரிக்கெட்டை விட்டார், 1885-ல் சீனாவுக்குப் போனார், தகப்பன் வழி வந்த சொத்தைக் கொடுத்துத் தீர்த்தார். 1900 முதல் 1906 வரை ஊட்டியில் யூனியன் சர்ச்சில் போதகராக இருந்தார். ஆக, ஒரே விசுவாசம் ஸ்டட்டை ஆட்டத்தை விடச் சொன்னது, லிடெலை ஒரு நாள் மட்டும் நிறுத்தச் சொன்னது, பக்கை முழு நேரமும் மைதானத்திலேயே இருக்கச் சொன்னது. எல்லோருக்கும் ஒரே சட்டம் எழுதி ஒட்ட முயல்கிறவர்கள் இந்த மூவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

வாலிபால் இல்லாத தமிழ்க் கிராமத்தைக் காண்பது அரிது. இரண்டு கம்பம், ஒரு வலை, ஒரு பந்து போதும். செலவு குறைவு, இடமும் குறைவு. தறியில் நாள் முழுக்க ஒரே இடத்தில் நின்ற காலுக்கும் தோளுக்கும் சாயங்காலம் அதைவிட நல்ல மருந்தில்லை. இந்த ஆட்டத்தை 1895-ல் உருவாக்கிய வில்லியம் மார்கன், அமெரிக்காவின் ஹோலியோக் நகர ஒய்.எம்.சி.ஏ.வில் உடற்பயிற்சி இயக்குநர். ஓடிக் களைக்க முடியாத நடுத்தர வயதுக்காரர்களும் ஆட வேண்டும் என்பதற்காக யோசித்தது. அதற்கு நான்கு ஆண்டுக்கு முன் கூடைப்பந்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் இறையியல் படித்தவர். விளையாட்டு சாத்தானின் கருவி என்று நினைத்த பக்திமான்கள் நடுவில், காயம்பட்டுக் கறுத்த கண்ணோடு பிரசங்க மேடையேறியவர். "உலக சிநேகம்" என்று ஒதுக்கப்படும் இந்த ஆட்டங்கள் சபையின் பக்கத்து வீட்டில் பிறந்தவை. பெற்ற பிள்ளையைத் தெரியாது என்று சொல்வது சரியில்லை.

கலைக்கும் இதே கதைதான். திருத்தணி வட்டாரத்தில் குறத்தி என்றவுடன் வள்ளி நினைவுக்கு வருவாள். குறி சொல்லும் குறத்தியை வைத்துப் பாடி ஆடும் குறவஞ்சி, நம் மக்கள் விரும்பிக் கூடிப் பார்த்த பொழுதுபோக்கு. தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) அந்த வடிவத்தையே எடுத்து, 1800-ஐ ஒட்டி 'பெத்லகேம் குறவஞ்சி' எழுதினார். கிறிஸ்துவின் மேல் காதல் கொண்ட தேவமோகினி நாயகி. ஞானச்சிங்கி என்னும் குறத்தி குறி சொல்ல வருகிறாள். ஞானச்சிங்கன் வலை விரிக்கிறான். குறவஞ்சியில் வழக்கமாக வரும் பறவை பிடிக்கும் காட்சி இங்கே மனிதரைப் பிடிக்கும் காட்சியாகிறது. கோள்கள் சூரியனைச் சுற்றும் புது அறிவியலையும் அதற்குள் வைத்துவிட்டார். ஜனங்கள் கூடும் இடத்துக்குச் சுவிசேஷத்தை அழைத்துப்போன ஆள் அவர். ஆட்டம், பாட்டு வேண்டாம் என்று அவர் கதவைச் சாத்தியிருந்தால் தமிழ்க் கிறிஸ்தவக் கீர்த்தனை மரபு இவ்வளவு செழித்திருக்காது.

அதே சாஸ்திரியார் சபைக்குள் சாதி வரிசையைத் தக்கவைக்க வாதாடினார் என்பதையும் சொல்லியாக வேண்டும். கலையைத் திறந்த மனதோடு எடுத்தவர், பந்தியில் மூடிக்கொண்டார். அந்தக் கதவைத் தட்டியவர்களில் ஒருவர், மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த ஜே. தியோபிலஸ் அப்பாவு. 'பரட்டை' என்று மாணவர்கள் அன்போடு அழைத்தவர், 2005-ல் மறைந்தார். பறை தீட்டு, கோயிலுக்கு ஆகாது என்ற எண்ணம் சபைகளிலும் ஊறிப்போயிருந்த காலத்தில், நாட்டுப்புற மெட்டில் முழு வழிபாட்டு முறையையே அமைத்தார். வயலில் பாடுகிறவளின் பாட்டு ஆராதனைக்குள் வந்தது. எந்தப் பாட்டு 'உலகப் பாட்டு', எது 'பரிசுத்தப் பாட்டு' என்ற தீர்ப்பில் எவ்வளவு சாதி ஒளிந்திருக்கிறது என்பதை அவர் அளவுக்கு யாரும் நமக்கு வெளிச்சமாக்கவில்லை.

ஆகவே சினிமாப் பாட்டைப் பற்றி அதிகம் பயப்படுகிறவன் நான் இல்லை. என் பயம் வேறு. பையன் கையில் இருக்கும் போன். அதில் கிரிக்கெட் ஓடுவதல்ல பிரச்சினை. கிரிக்கெட்டின் மேல் பணம் ஓடுவதுதான் பிரச்சினை. அடுத்த ஓவரில் எத்தனை ரன், யார் முதலில் அவுட் என்று பந்துக்குப் பந்து பணம் கட்டிய வாலிபர்கள் எந்த ஊரிலும் உண்டு. எந்த மதத்து வீட்டிலும் உண்டு. வாரக்கூலிக்குத் தறி ஓட்டும் வீட்டில் அந்தப் பணம் எங்கிருந்து வரும்? அம்மா சீட்டுக்கு எடுத்துவைத்ததிலிருந்து வரும். ஆன்லைன் சூதாட்டத்துக்கு எதிராகத் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2022-ல் மசோதா நிறைவேற்றியது, 2023-ல் அது நடைமுறைக்கு வந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. இந்திய அணியின் சட்டையில் பெயர் பொறித்திருந்த ட்ரீம் லெவன் நிறுவனமே அந்த விளம்பரத்திலிருந்து விலகியது. சட்டம் வந்துவிட்டது. ஆனால் சினிமா பாவம் என்று நாற்பது ஆண்டு பிரசங்கித்த மேடைகளிலிருந்து, சூதாட்ட ஆப் பற்றி எத்தனை பிரசங்கம் வந்திருக்கிறது? பயப்பட வேண்டிய இடத்தில் பயப்படாமல், பயப்பட வேண்டாத இடத்தில் பயந்துகொண்டிருக்கிறோம்.

இன்னொன்று, வெறி. தன் அணி தோற்றால் எதிரணி ஆட்டக்காரரின் மதத்தையும் குடும்பத்தையும் இழுத்துக் கமென்ட் போடும் வழக்கம். ஜெமிமாவை வைதவர்களைக் கண்டிக்கும் அதே கை, இன்னொரு மதத்து வீரரைக் கேலி செய்யும் மீமைப் பகிர்ந்தால் அந்தக் கண்டனத்துக்கு மதிப்பில்லை. ஞாயிறு காலை 'பிறனை நேசி' என்று கேட்ட காதுக்கு, ஞாயிறு இரவு மேட்ச் முடிந்ததும்தான் பரீட்சை. ஆராதனை நேரத்தில் மேட்ச் பார்க்காமல் இருப்பது முதல் வகுப்புப் பாடம். தோற்ற பிறகு கையை அடக்கத் தெரிவது அதற்கு மேலான பாடம்.

ஞாயிற்றுக்கிழமை டோர்னமென்ட்டுக்குப் போகலாமா என்று கேட்ட தம்பிக்கு நான் சொல்வது: ஆராதனையை விற்றுவிட்டுப் போகாதே, காலை ஆட்டம் வேண்டாம், மதியத்துக்கு மேல் வைத்தால் வருகிறேன் என்று அமைப்பாளர் அண்ணனிடம் நீயே போய்க் கேள். வெட்கப்படாதே. மறுத்தால் அந்த ஒரு ஆட்டத்தை விட்டுவிடு. ஒப்புக்கொண்டால் முழு உயிரையும் கொடுத்து ஆடு. வலையைத் தொட்டுவிட்டால் நடுவர் பார்க்காவிட்டாலும் தொட்டேன் என்று சொல். அந்த ஒரு வார்த்தை, ஊரில் கன்வென்ஷன் போஸ்டர் செய்யாததைச் செய்யும்.

போதகர்களுக்கும் சபைப் பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் திருப்பதியில் லுத்தரன் மிஷன் பள்ளியில் படித்தார், பிறகு வேலூர் ஊரீசு கல்லூரியில், பிறகு சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில். அங்கே இந்து சமயத்தின் மேல் வந்த விமர்சனங்கள்தான் தன்னைத் தன் மரபை ஆழமாகப் படிக்கத் தூண்டின என்று அவரே சொல்லியிருக்கிறார். அந்த மனிதர் கிறிஸ்தவராகவில்லை, நாட்டின் குடியரசுத் தலைவரானார். படிக்க வந்த எல்லோருக்கும் அன்றைய மிஷன் வாசல் திறந்திருந்தது. இன்று இந்தப் பக்கத்து ஊர்களில் பல சபைகளின் காம்பவுண்டு ஞாயிறு பன்னிரண்டு மணிக்குப் பூட்டப்பட்டால் மறு ஞாயிறுதான் திறக்கிறது. கொஞ்சம் இடம் இருந்தால் இரண்டு கம்பம் நடுங்கள். ஒரு வலை வாங்குங்கள். ஞாயிறு மாலை நாலு மணிக்குக் கேட்டைத் திறந்து, காவடி எடுக்கும் வீட்டுப் பையனையும் நோன்பு வைக்கும் வீட்டுப் பையனையும் பெண் பிள்ளைகளையும் ஆடக் கூப்பிடுங்கள். ஆட்டத்தோடு துண்டுப்பிரதி கொடுக்காதீர்கள். தண்ணீர் கொடுங்கள், போதும். உங்கள் வாலிபர்கள் எப்படி ஆடுகிறார்கள், எப்படித் தோற்கிறார்கள் என்பதை ஊர் பார்த்துக்கொள்ளட்டும்.