சப்ஃபோல்டர்ல இருக்கற அசெம்பிளி ஃபைலுக்கு மேக்ஃபைல்ல ஒரே ஒரு ரூல்

சி ஃபைல் எல்லாம் ஒழுங்கா கம்பைல் ஆகுது. ஆர்ச் ஃபோல்டருக்குள்ள ஒரு அசெம்பிளி ஃபைலைச் சேர்த்து மேக் அடிச்சதும், 'நோ ரூல் டு மேக் டார்கெட்'னு நின்னுடுது. இன்னைக்கு அதைச் சரிபண்ணுவோம். க்னூ மேக், ஜிசிசி, இந்த ரெண்டையும் வெச்சுத்தான் சொல்லப்போறேன்.

முதல்ல எக்ஸ்டென்ஷனைப் பாருங்க. பெரிய எஸ்ஸா, சின்ன எஸ்ஸா? பெரிய எஸ்னா ஜிசிசி முதல்ல ப்ரீப்ராசஸர்ல ஓட்டிட்டு, அப்புறம்தான் அசெம்ப்ளர் கிட்ட தரும். ஹேஷ் இன்க்ளூட், ஹேஷ் டிஃபைன் எல்லாம் வேலை செய்யும். சின்ன எஸ்னா நேரா அசெம்ப்ளருக்குப் போயிடும். நீங்க கையால எழுதற ஃபைலுக்குப் பெரிய எஸ்ஸே வைங்க. சின்ன எஸ், கம்பைலர் உருவாக்கற ஃபைலுக்கு இருக்கட்டும்.

இப்ப ரூல். திரையில பாருங்க: இடப்பக்கம் பில்ட்/%.ஓ, வலப்பக்கம் சோர்ஸ்/%.எஸ். பலர் ஒவ்வொரு சப்ஃபோல்டருக்கும் தனித்தனியா ரூல் எழுதறாங்க. தேவையே இல்லை. இங்க அந்த % சாய்கோட்டையும் சேர்த்தே பிடிக்கும். பில்ட்/ஆர்ச்/எக்ஸ்86/பூட்.ஓ வேணும்னு கேட்டா, ஆர்ச்/எக்ஸ்86/பூட் அவ்வளவும் %-க்குள்ள அடங்கிடும். எத்தனை ஃபோல்டர் ஆழத்துல இருந்தாலும் இந்த ஒரே ரூல் போதும்.

ரூலுக்குக் கீழ ரெண்டு வரி. முதல் வரி எம்கேடைர் -பி, டார்கெட்டோட ஃபோல்டர் பேரோட. பில்டுக்குள்ள அந்த ஃபோல்டர் இல்லைன்னா கம்பைலர் தானா உருவாக்காது, எரர்தான் வரும். ரெண்டாவது வரியில சிசி-யைக் கூப்பிடுங்க, ஏஎஸ்-ஐ இல்லை. நேரடியா ஏஎஸ்-க்குக் கொடுத்தா ப்ரீப்ராசஸர் ஓடாது.

சிலர் நாட்டைர் போட்டு ஃபோல்டர் பேரை வெட்டிட்டு, எல்லா ஓ ஃபைலையும் ஒரே இடத்துல கொட்டுவாங்க. தயவுசெஞ்சு அப்படிப் பண்ணாதீங்க. ஆர்ம் ஃபோல்டர்ல ஒரு மெம்காப்பி, எக்ஸ்86 ஃபோல்டர்ல ஒரு மெம்காப்பி இருந்தா, ரெண்டும் ஒரே ஓ ஃபைலுக்கு மோதும். ஒரே ஃபோல்டர்லயும் இந்தச் சிக்கல் வரும். ஸ்டார்ட்.சி, ஸ்டார்ட்.எஸ் ரெண்டுமே ஸ்டார்ட்.ஓ-வாத்தான் ஆகணும். மேக் ஒண்ணை மட்டும் எடுத்துக்கிட்டு, சத்தமே போடாம அடுத்ததை விட்டுடும். கடைசியில லிங்க்கர்தான் சிம்பல் காணோம்னு சொல்லும். நீங்க தேடவேண்டிய இடம் லிங்க்கர் இல்லை, மேக்ஃபைல். லினக்ஸ் கெர்னல்ல ஆர்ச்/எக்ஸ்86/கெர்னல் ஃபோல்டரைத் திறந்து பாருங்க: அசெம்பிளி ஃபைல் பேரு ஹெட்_64, சி ஃபைல் பேரு ஹெட்64. ஒரு அடிக்கோடுதான் வித்தியாசம், ஆனா ரெண்டுக்கும் தனித்தனி ஓ ஃபைல் கிடைச்சுடுது. அந்த ஃபோல்டரோட மேக்ஃபைல்லயும் ஓ பேரை மட்டும்தான் எழுதறாங்க. அது சி-யிலிருந்து வருதா, எஸ்ஸிலிருந்து வருதாங்கறதை ஸ்க்ரிப்ட்ஸ் ஃபோல்டர்ல இருக்கற பொது ரூல் பார்த்துக்குது. எனக்கு ரொம்பப் பிடிச்ச அமைப்பு இது.

அடுத்து, ஹெடர் மாறினா அசெம்பிளி ஃபைலும் மறுபடி கம்பைல் ஆகணும். சிசி வரியில -எம்எம்டி, -எம்பி சேர்த்து, வர்ற டி ஃபைல்களை மேக்ஃபைல் கடைசியில இன்க்ளூட் பண்ணிடுங்க. ஆனா இன்க்பின் போட்டு ஒரு படத்தையோ ஃபாண்ட்டையோ உள்ள இழுத்திருந்தா, ப்ரீப்ராசஸர் கண்ணுக்கு அது தெரியாது, டி ஃபைல்லயும் வராது. படத்தை மாத்தினாலும் பழைய படமே பைனரியில இருக்கும். அதுக்கு மட்டும் ஒரு வரி கையால எழுதணும்: பில்ட்/ஆர்ச்/லோகோ.ஓ, கோலன், லோகோ.பின்.