நிறம் பொய் சொன்ன வரைபடம்

கடந்த தவணையில் புவியியல் செய்முறை வேலைக்காக மலைநாட்டின் உயரங்களைக் காட்டும் வரைபடமொன்றைக் கணினியில் தயாரித்தேன். 2000ஆம் ஆண்டு பெப்ரவரியில் ‘எண்டெவர்’ விண்ணோடம் ராடார் மூலம் அளந்த உயரத் தரவுகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ‘ஆர்’ என்னும் புள்ளிவிபர மென்பொருளும் இலவசமே. அதிலுள்ள ‘டெரெயின் கலர்ஸ்’ என்ற நிறவரிசையைத் தெரிவு செய்தேன். தாழ்நிலம் பச்சை, பிறகு மஞ்சள், அதற்கு மேல் மண்ணிறம், உச்சி வெள்ளை. திரையில் அழகாகத்தான் இருந்தது.

கறுப்பு வெள்ளையில் ஒரு பிரதி எடுத்து வாப்பாவிடம் காட்டினேன். ஹட்டனிலிருந்து தலவாக்கலை, நானுஓயா வழியாக நுவரெலியாவுக்கு லொறி ஓட்டுபவர் அவர்.

“வெளுப்பா இருக்கிறதுதானே உயரம்? அப்ப ஹட்டன் நுவரெலியாவை விட உயரமா மகள்?” என்று கேட்டுச் சிரித்தார்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. ஹட்டன் ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்திலும் நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்திலும் உள்ளன. தரவில் பிழையில்லை, பிழை நிறத்தில். மஞ்சள் நிறம் மண்ணிறத்தை விட வெளிச்சமானது. ஆகவே மஞ்சளில் விழுந்த ஹட்டன் வெளிறியும், மண்ணிறத்தில் விழுந்த நுவரெலியா இருண்டும் அச்சாகின. சுமார் 600 மீற்றர் ஏற்றம், தாளில் இறக்கமாக மாறிவிட்டது.

அதன்பின் நான் கற்றவை மூன்று.

முதலாவது, உயரம் கூடக்கூட நிறத்தின் வெளிச்சமும் ஒரே சீராகக் கூட வேண்டும், அல்லது குறைய வேண்டும். 2015இல் உருவான ‘விரிடிஸ்’ நிறவரிசை அப்படிப்பட்டது. கருநீலம் கலந்த ஊதாவில் தொடங்கி, பச்சை வழியாக மஞ்சளில் முடியும். கறுப்பு வெள்ளையிலும் வரிசை குலையாது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்களும் அதை வாசிக்கலாம். ‘ரெயின்போ’ வரிசையிலோ தொடக்கமும் முடிவும் சிவப்பாகவே தெரியும்.

இரண்டாவது, தேவைக்கேற்பப் பிரிக்க வேண்டும். தேயிலையைக் காட்டுவதென்றால் 600, 1,200 மீற்றர்களில் பிரித்து மூன்று நிறங்கள் போதும். தாழ்நில, இடைநில, உயர்நிலத் தேயிலைகள் புரிந்துவிடும். ஆனால் அப்போது ஹட்டனும் நுவரெலியாவும் ஒரே நிறமாகிவிடும். ஏற்ற இறக்கத்தைக் காட்டுவதென்றால் தொடர்ச்சியான நிறவரிசையே தேவை.

மூன்றாவது, பார்ப்பவர் மனதில் ஒரு நிறத்துக்கு ஏற்கனவே உள்ள பொருளை மறக்கக் கூடாது. வெள்ளை உச்சி, வெண்பனி மூடிய மலைகளுக்குப் பொருந்தும். 2,524 மீற்றர் உயரமான எங்கள் பீதுருதாலகாலையில் இருப்பது பசுங்காடு. சிவப்பு இன்னும் கவனத்துக்குரியது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையில் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று நிலைகள் உண்டு. சிவப்பு என்றால் வெளியேற வேண்டும். வெறும் உயரத்தைச் சிவப்பாக்கினால், லயத்தில் வாழும் ஒரு தாய் தன் வீடு ஆபத்தில் இருப்பதாக நினைக்கக்கூடும். அதைவிட மோசம், சிவப்பு இல்லாத இடமெல்லாம் பாதுகாப்பானது என நம்புவது. மண்சரிவை உயரம் மட்டும் தீர்மானிப்பதில்லை. சரிவு, மண், மழை, நீர் வடியும் வழி எல்லாம் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

வரைபடத்தை மீண்டும் விரிடிஸில் வரைந்து, கறுப்பு வெள்ளையில் எடுத்து, வாப்பாவிடம் கொடுத்தேன். விரலால் பாதையைத் தொடர்ந்து போனார். தலவாக்கலையில் சற்று இருண்டு, நானுஓயா தாண்டி வெளிச்சமானது.

“இப்ப சரி. இந்த ஏற்றத்திலதான் எஞ்சின் முனகும்” என்றார்.

தோழியரே, நீங்கள் வரைபடம் வரைந்தால் ஒப்படைக்கும் முன் நிறமில்லாமல் ஒரு பிரதி எடுத்து, அந்த வழியில் நடந்து பழகிய ஒருவரிடம் காட்டுங்கள்.