சந்தையிற் கற்ற சிங்களம்

நாற்பது வயதைக் கடந்தபின் புதுமொழி பயிலப் புகுபவனுக்கு இலக்கணமே பெரும்பகை என்பர். வெலிமடையிலே சிங்களம் பயிலும் தமிழனுக்கு அது பகையன்று, பழகிய உறவு. "மட்ட பத் ஓன" என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் "எனக்குச் சோறு வேண்டும்" என்றே நிற்கும். வினை ஈற்றில் வருவதும் நம் வழக்கே. நமது கடை அங்கே 'கடே', நகரம் 'நகரய'.

இடர் ஒலியில் இருக்கிறது. தொடக்கத்தில் நான் சிங்களச் சொற்களைத் தமிழெழுத்திலேயே குறித்து வந்தேன். மரத்துக்குரிய சொல்லும் மஞ்சளுக்குரிய சொல்லும் என் ஏட்டில் 'கஹ' என்றே நின்றன. முன்னதன் முதலொலி 'கங்கை'யினது; பின்னது 'கல்'லினது. நம் எழுத்து இவ்வேறுபாட்டைக் காட்டாது. சந்தையில் மஞ்சள் கேட்டேன். முதலாளி எதிரே நின்ற மரத்தைக் காட்டிச் சிரித்தார். அன்றிரவே சிங்கள அரிச்சுவடியை எடுத்தேன். முதல்நாளே எடுத்திருக்க வேண்டும்! 'கந்த' என்பது இன்னும் கொடிது. இடைநின்ற மெய்யை நிறைய ஒலித்தால் மலை. பாதி விழுங்கினால் அடிமரம். மலைநாட்டில் வாழ்ந்துகொண்டு மலையின் பெயரிலே இடறினேன்.

எழுத்தைக் கற்றபின் வேறொரு தொல்லை. பேச்சிலே நான் போனாலும் அவர் போனாலும் 'யனவா' ஒன்றே. ஏட்டிலோ 'யமி', 'யமு', 'யயி', 'யதி' என ஆளுக்கொரு வடிவம். நூலை நம்பி நான் பேசியதைக் கேட்ட தோட்டத்து அம்மாள் ஒருவர், "சேர், நீங்க பேசல்ல, ரேடியோவில செய்தி வாசிக்கிறீங்க" என்றார்.

அவரோ சிறுமியாய் இருந்த நாள்முதல் உருளைக்கிழங்கும் லீக்சும் விற்றுச் சிங்களத்தில் விலை பேசித் தேர்ந்தவர். ஓரெழுத்தும் வாசிக்க அறியார். 1956ஆம் ஆண்டுச் சட்டம் சிங்களத்தைத் தனி ஆட்சிமொழியாக்கிற்று. 1987இல் வந்த 13ஆவது திருத்தம் தமிழையும் ஆட்சிமொழி என்றது. ஆயினும் பேத்தியின் பிறப்புச் சான்றிதழ் குறித்து அவருக்கு வந்த கடிதம் தனிச் சிங்களத்திலேயே இருந்தது. மூன்று வாரம் அதை முந்தானையில் முடிந்து வைத்திருந்தார். அயலாரிடம் காட்டக் கூச்சம். நான் எழுத்துக்கூட்டி வாசித்தேன். சொற்களின் பொருளை அவரே சொன்னார். குறித்த தவணைக்கு நான்கு நாட்களே எஞ்சியிருந்தன.

அதன்பின் ஞாயிறுதோறும் அவர் என் நாவைத் திருத்துகிறார். நான் அவருக்கு எழுத்துக் காட்டுகிறேன். சென்ற வாரம் பேருந்தின் பெயர்ப்பலகையில் 'வெலிமட' என்பதைத் தாமே வாசித்தார். 'கந்த' மட்டும் எனக்கு இன்னும் வசப்படவில்லை.