ஒரே நினைவகம், இருவர் பங்கு

பால் வெட்டிச் சேர்த்த பணத்தில் பிள்ளையின் படிப்புக்காகப் பழைய மடிக்கணினி ஒன்றை வாங்கி, விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸை அதில் ஏற்றுகிறோம். நினைவகம் 4 ஜிகாபைட் என்றார் கடைக்காரர். கணக்குக் காட்டும் 'ஃபிரீ' என்னும் கட்டளையைக் கொடுத்தாலோ, மொத்தம் மூன்றரைக்கும் குறைவாக வருகிறது. கடைக்காரரிடம் சண்டைக்குப் புறப்படுமுன் சற்றுப் பொறுப்போம்.

திரையில் படம் வரைவதற்கென்றே கணினியில் ஒரு பகுதி உண்டு. விலை கூடிய கணினிகள் சிலவற்றில் அது தனிச் சில்லாக, தன் சொந்த நினைவகத்தோடு இருக்கும். நாம் வாங்கும் மலிவுக் கணினிகளிலோ அது செயலிக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. சொந்த நினைவகம் கிடையாது. லயத்தில் இரண்டு வீட்டார் ஒரே தொட்டியில் தண்ணீர் மொள்வதைப் போல, இரண்டும் ஒரே நினைவகத்தைப் பங்கிட்டுக் கொள்கின்றன.

கணினியைத் தட்டியவுடன், லினக்ஸ் எழும்புவதற்கு முன்பே, பயாஸ் என்னும் அடிப்படை நிரல் படப்பகுதிக்கென ஒரு பங்கை எடுத்து வைத்துவிடுகிறது. ஏஎம்டி செயலியுள்ள கணினிகள் பலவற்றில் இது 512 மெகாபைட். இன்டெல் கணினிகளில் பெரும்பாலும் 32 அல்லது 64தான். இப்படி எடுத்து வைத்ததை லினக்ஸ் தன் மொத்தத்தில் சேர்ப்பதில்லை. தனக்கென அது வைத்துக்கொள்வதும் கொஞ்சம் உண்டு. கடைக்காரர் சொன்ன கணக்குக் குறைந்தது இதனால்தான்.

இது போதாதபோது படப்பகுதி கடன் வாங்குகிறது. லினக்ஸிலுள்ள இயக்கி நிரல் பொது நினைவகத்திலிருந்து வேண்டிய அளவை எடுத்துக் கொடுத்து, வேலை முடிந்ததும் திரும்பப் பெறுகிறது. இந்தக் கடன் மொத்தத்தைக் குறைப்பதில்லை.

ஒரு திரைக்கு எவ்வளவுதான் வேண்டும்? 1920 புள்ளியை 1080ஆல் பெருக்கி, புள்ளிக்கு 4 பைட் வைத்தால் ஏறக்குறைய 8 மெகாபைட். அற்பம்தான். ஆனால் பொதுவாக அதை நொடிக்கு 60 முறை படித்துத் திரைக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது. அதே நேரத்தில் செயலியும் குடத்தோடு வந்து நிற்கிறது. ஆகவே தொட்டி பெரிதாயிருந்தால் மட்டும் போதாது, குழாயும் அகலமாயிருக்க வேண்டும். 8 ஜிகாபைட்டை ஒரே துண்டாகப் போடுவதைவிட, 4 வீதம் இரண்டு துண்டாகப் போட்டால், பல கணினிகளில் குழாய் இரண்டாகிறது. படமும் தடங்கலின்றி ஓடும்.

பயாஸில் ஒதுக்கீட்டைக் கூட்டச் சொல்லும் நண்பர்களும் உண்டு. 4 ஜிகாபைட் கணினிக்கு அது வேண்டாத வேலை. கடனாவது திரும்பி வரும், ஒதுக்கீடு வராது. கைக்காசு இருந்தால் இன்னொரு நினைவகத் துண்டு வாங்கலாம். வாங்குமுன், அதைப் பொருத்தக் காலியிடம் இருக்கிறதா என்று கடையிலேயே திறந்து காட்டச் சொல்வோம். சில மாதிரிகளில் நினைவகத்தைப் பலகையோடு பற்றவைத்து விடுகிறார்கள்.